வந்தாரை வதைக்கும் சொற்கள்

மதுரையில் வெளியாகும் நாளேடுகளை ஓராண்டுக் காலம் தொடர்ந்து படித்துப் பாருங்கள். மாட்டுத்தாவணி மலர் அங்காடிக்கு மல்லிகை 'வரத்து' குறைந்தது, விலை ஏறிற்று என்று ஒரு நாள் செய்தி வரும். வைகை அணைக்கு நீர் 'வரத்து' மிகுந்தது என்று மற்றொரு நாள் வரும். சித்திரைத் திருவிழாவில் பக்தர் 'வெள்ளம்' என்று படத்தோடு வரும். அமைச்சர் பெருமகனாரின் 'வருகை' பற்றி முழுப்பக்க விளம்பரம் வரும். பின்பக்கத்தைப் புரட்டினால், கட்டட வேலைக்கு வடமாநிலத்தார் 'படையெடுப்பு' என்று கொட்டை எழுத்தில் ஒரு தலைப்பும் வரும்.

நடந்தது என்ன? எல்லா இடத்திலும் ஒன்றே. எங்கிருந்தோ எதுவோ வந்தது, எவரோ வந்தனர். ஒன்றுக்கு வரத்து, ஒன்றுக்கு வெள்ளம், ஒன்றுக்கு வருகை, ஒன்றுக்குப் படையெடுப்பு என்று பெயர் சூட்டியவர் யார்? எந்த அளவுகோலை வைத்துச் சூட்டினார்? வந்தவர் எண்ணிக்கையை வைத்தா? அப்படியானால், கோயில் வாயிலில் நிற்கும் இலட்சம் பேரையல்லவா படை என்று அழைத்திருக்க வேண்டும்! இரயில் நிலையத்தில் தோளில் பையும் கையில் வாளியுமாக இறங்கும் நாற்பது பேரையா?

தோழர்களே! பலர் வந்தனர் என்பது கண் காணும் உண்மை. அதற்கு இடப்படும் பெயரோ காண்பவனின் கருத்து. அக்கருத்தை உண்மையென்று நம்மை விழுங்கச் செய்வதுதான் இச்சொற்களின் வேலை. இந்தச் சூழ்ச்சியைப் பகுத்தறிவாளர் முதலில் உணர வேண்டும். ஏனெனில், எவர் வந்தால் பந்தல் போட்டு மோர் ஊற்றுவது, எவர் வந்தால் தடியை ஓங்குவது என்பதை, அவர் ஊருக்குள் கால் வைக்கு முன்னரே அவருக்கு இடப்பட்ட சொல் முடிவு செய்துவிடுகிறது.

இலக்கண நூலில் இல்லாத விதி

நான் தமிழ் கற்பிக்கும் ஒன்பதாம் வகுப்பில், ஒருபொருட் பன்மொழி பற்றிய பாடத்தின்போது, 'திரளாக வருதல்' என்பதற்கு நிகரான சொற்களைக் கேட்டேன். மாணவர் சளைக்கவில்லை. குவிதல், திரளுதல், மொய்த்தல், பெருக்கெடுத்தல், அலைமோதுதல், படையெடுத்தல், புகுதல், ஊடுருவுதல், குடியேறுதல், வந்திறங்குதல் என்று பலகை நிறைந்தது. நம் மொழியின் வளத்தைப் பாராட்டிவிட்டு, அடுத்த கேள்வியைப் போட்டேன்: "யார் வந்தால் எந்தச் சொல்?"

தயக்கம் சிறிதுமில்லை. ஈக்கள் மொய்க்கும், இரசிகர்கள் குவிவார்கள், பக்தர்கள் திரளுவார்கள், அமைச்சர் வருகை தருவார், அகதி புகுவான், வடக்கத்தியான் படையெடுப்பான். சொல் மட்டுமா மாறியது? விகுதியும் மாறியது! 'ஆர்' ஈறு அமைச்சரோடும் பக்தரோடும் நின்றுவிட்டது. அகதிக்கும் கூலிக்கும் 'ஆன்' ஈறு போதுமென்று பதினான்கு வயதுப் பிள்ளைகள் ஒருமித்த குரலில் தீர்ப்பளித்தனர். தொல்காப்பியத்திலும் இல்லை, நன்னூலிலும் இல்லை இந்த விதி. எந்த ஆசிரியரும் நடத்தாத பாடம். ஆனால் எல்லோருக்கும் மனப்பாடம். வீட்டுத் திண்ணையும், தேநீர்க்கடையும், நாளேடும், கைப்பேசியும் சேர்ந்து நடத்திய பாடம் அது.

'வரத்து' என்பதையே எடுத்துக் கொள்ளுங்கள். நல்ல சொல், உழவன் ஆக்கிய சொல். மதுரையைச் சூழ்ந்த கண்மாய்களுக்கு நீர் கொணரும் வாய்க்காலை வரத்துக்கால் என்கிறோம். வரும் நீரை அளக்கலாம், தேக்கலாம், மடை திறந்து பாய்ச்சலாம், மிகுந்ததைக் கலுங்கு வழியே வெளியேற்றலாம். நீருக்கும் நெல்லுக்கும் மல்லிகைக்கும் பொருந்தும் இச்சொல்லை, 'இந்த மாதம் ஆள் வரத்து சரியில்லை' என்று ஒப்பந்தக்காரர் மனிதருக்குப் பொருத்துகிறார். தேக்கலாம், திறந்து விடலாம், மிகுந்தால் வெளியேற்றலாம் என்னும் பொருள்களும் கூடவே வந்து ஒட்டிக் கொள்கின்றன. ஆளை மூட்டையாக்க அந்த ஒரு சொல் போதும்!

எண்ணிக்கைக்கும் சொல்லுக்கும் தொடர்பே இல்லை என்பதற்கு நம் மதுரையிலேயே வரலாற்றுச் சான்று உண்டு. 1939 ஜூலை 8 அன்று, வைத்தியநாத ஐயர் முன்நின்று அழைத்துச் செல்ல, கக்கன் உள்ளிட்ட ஒரு சிலர் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் சென்றனர். விரல்விட்டு எண்ணத்தக்க சிறு குழு. நாள்தோறும் ஆயிரமாயிரம் பேர் நுழையும் வாயில் அது. அந்த ஆயிரவர் வந்தால் 'சேவார்த்திகள்'. இந்தச் சிலர் வந்ததும் 'தீட்டு'! அர்ச்சகரில் ஒரு சாரார் பணி செய்யவே மறுத்தனர். வாசல் அதே வாசல், நடை அதே நடை. வந்தவர் யாருக்குப் பிறந்தவர் என்பதுதான் பெயரை முடிவு செய்தது. கோயிலில் எனக்கு வேலையில்லை. ஆனால் ஒரு மனிதன் நடந்து வருவதற்குத் தீட்டு என்று பெயரிடும் நாவைக் கேட்க எனக்கு உரிமையுண்டு.

வெள்ளம் என்றால் பழி யாருக்கு?

இழிவுபடுத்தும் சொல் மட்டுமே தீங்கு செய்யும் என்று கருதிவிட வேண்டாம். புகழ்ச்சிச் சொல்லும் கொல்லும்.

'மக்கள் வெள்ளம்', 'மனிதக் கடல்' என்பன அரசியல் மேடைக்கும் ஆன்மிக மேடைக்கும் உகந்த சொற்கள். கேட்கவும் இனிமை, சுவரொட்டியில் அச்சிடவும் அழகு. ஆனால் வெள்ளத்துக்கு நுரையீரல் உண்டா? கடலுக்கு மூச்சு முட்டுமா?

தொற்று நோயின் காரணமாக ஈராண்டு நின்றிருந்த அழகர் ஆற்றில் இறங்கும் விழா, 2022 ஏப்ரல் 16 அன்று மீண்டும் நடந்தபோது, வைகைக் கரை நெரிசலில் சிக்கி இருவர் மாண்டனர். 2025 செப்டம்பர் 27 அன்று கரூர் வேலுச்சாமிபுரத்தில் அரசியல் கூட்ட நெரிசலில் 41 பேர் மாண்டனர். சிறு குழந்தைகளும் அவர்களுள் அடக்கம். இரண்டு நிகழ்ச்சிகளின்போதும் வெள்ளம், அலை, கடல் என்ற சொற்களே காற்றில் மிதந்தன. வெள்ளம் என்று சொல்லிவிட்டால் என்னாகும்? இயற்கைச் சீற்றம் என்றாகிவிடும். இயற்கையைக் கூண்டில் ஏற்ற முடியுமா? பொறுப்பு என்பது நீரோடு நீராக ஓடிவிடும்.

அறிவியல் வேறு சொல்கிறது. ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஐந்தாறு பேருக்கு மேல் நெருங்கி நின்றால், எவருக்கும் தம் கால்களின்மீது ஆட்சி இல்லாமற் போகிறது. உடல் உடலைத் தள்ள, அழுத்தம் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குப் பாய்கிறது. இறப்போரில் பலர், நாம் எண்ணுவது போலப் பிறர் காலடியில் மிதிபட்டு இறப்பதில்லை; நின்ற நிலையிலேயே மார்பு அழுந்தி, மூச்சிழுக்க இயலாது இறக்கின்றனர். ஆகவே, கேட்க வேண்டிய கேள்விகள் எளியவை: இடத்தின் பரப்பு என்ன? எத்தனை பேரை அது தாங்கும்? வழி எத்தனை? வெளியேறும் வாயில் எத்தனை? எத்தனை மணி நேரம் காக்க வைத்தனர்? நீர் கொடுத்தனரா? இவற்றுக்கு விடையாக எண்கள் வேண்டும். எண் இருக்க வேண்டிய இடத்தில் உவமையை வைப்பவன் கணக்குக் காட்ட விரும்பாதவன்!

உண்மையான வெள்ளத்தைப் பற்றி நாம் பேசும் பேச்சும் இவ்வாறானதுதான். 2024 அக்டோபரில் பெய்த மழையில் செல்லூர்ப் பகுதி வீடுகளில் நீர் 'புகுந்தது' என்றோம். கண்மாய்க்கும் வாய்க்காலுக்கும் உரிய நிலத்தில் கட்டடம் எழுப்பி, வரத்துக்காலைக் குப்பையால் அடைத்து வைத்தோம். நீர் தன் பழைய வழியில் வந்தது. புகுந்தவர் நாம், பழி நீருக்கு. வருவது எதுவாயினும், அதன்மேல் பழியை ஏற்றிவிட்டு ஒதுங்கி நிற்பது நமக்குப் பழகிப் போன வித்தை.

படை எது? பாட்டாளி எது?

மதுரை மெய்யான படையெடுப்பைக் கண்ட ஊர். 1311 ஆம் ஆண்டில் மாலிக் காபூர் இங்கே வந்தான். அவனோடு வாள் வந்தது, குதிரை வந்தது, கொள்ளை நடந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் கம்பெனிப் படை வந்தது. பீரங்கி வந்தது, வரி வந்தது, தூக்குமரம் வந்தது. படையெடுப்பவன் ஆள வருகிறான். ஊரார் உழைப்பை அவன் பறிக்கிறான்.

இப்போது வருகிறானே பீகார் இளைஞன், ஒடிசாத் தோழன், வங்காளத்து உழைப்பாளி! இவன் கையில் இருப்பது கரண்டியும் மட்டப் பலகையும். வருவது முன்பதிவில்லாப் பெட்டியில், கழிப்பறை வாயிலில் குந்தியபடி, இரண்டு இரவும் மூன்று பகலும். படுப்பது தகரக் கொட்டகையில். ஏறி நிற்பது, நாம் குடியேறப் போகும் வீட்டின் நான்காம் மாடிச் சாரத்தில். இவனா படையெடுத்தான்? யாரை வென்றான்? எந்தக் கோட்டையில் கொடி நாட்டினான்? இவன் உழைப்பையல்லவா ஊரார் பெறுகின்றனர்!

இங்கே நம்மவர்களை நோக்கியே சில சொற்கள் சொல்ல வேண்டியிருக்கிறது. தன்மான இயக்கத்தின் வழி வந்தோம் என்று மார்தட்டும் இளைஞரில் சிலர், 'வடக்கன்' என்றும் 'வந்தேறி' என்றும் இந்த உழைப்பாளியைப் பேசுகின்றனர். அதை இனவுணர்வு என்றும் கருதுகின்றனர். 1965 ஜனவரி 25 அன்று மாணவர் கிளர்ச்சி தீப்பிழம்பாய் எழுந்த ஊரல்லவா மதுரை! இந்தித் திணிப்பை எதிர்ப்பதில் நாம் எவருக்கும் பின்தங்கியவர் அல்லர். ஆனால் கேட்கிறேன்: இந்தி எங்கிருந்து வந்தது? தில்லியின் ஆணையில் வந்தது, சட்டத்தில் வந்தது, பாடத்திட்டத்தில் வந்தது, தேர்வுத் தாளில் வந்தது. சாரம் கட்டுகிறவனின் துணிமூட்டையில் வரவில்லை!

இன்னும் ஒன்று கேளுங்கள். வருவோரில் பலருக்குத் தாய்மொழி இந்தியே அன்று. போஜ்புரி, மககி, மைதிலி, ஒடியா, வங்காளம், சந்தாலி என்று அவரவர்க்கு அவரவர் மொழி உண்டு. மைதிலிக்கு அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் இடம் கிடைத்தது 2003 ஆம் ஆண்டில்தான். கோடிக்கணக்கானோர் பேசும் போஜ்புரிக்கு அந்த இடம் கிடைக்கவில்லை. மக்கள்தொகைக் கணக்கிலே அதை இந்தியின் கிளையாகச் சேர்த்து எழுதி விழுங்கிவிட்டனர். நாம் எந்த ஆதிக்கத்தை எதிர்த்தோமோ, அந்த ஆதிக்கம் நமக்கு முன்பே இவர்கள் நாவை அறுத்தது. அடிபட்டவனை அடித்தவனோடு சேர்த்து ஒரே சொல்லால் ஏசுவது பகுத்தறிவாகுமா?

"கூலியைக் குறைத்துவிட்டார்களே!" என்பர். நியாயமான கவலை, உள்ளூர்க் கொத்தனாரும் சித்தாளும் அந்தக் கவலையோடு உறங்கப் போகிறார்கள் என்பதை மறுக்கவில்லை. ஆனால் வாக்கியத்தின் எழுவாயைக் கவனியுங்கள். கூலியைக் குறைத்தவர் யார்? கூலி வாங்குகிறவனா, கொடுக்கிறவனா? எவனாவது தன் கூலியைத் தானே குறைத்துக் கொள்வானா? பசியைக் காட்டிக் குறைத்தவன் முதலாளி. 1979 ஆம் ஆண்டிலேயே மாநிலம் விட்டு மாநிலம் வரும் தொழிலாளருக்கெனச் சட்டம் இயற்றினர். அதே வேலை செய்யும் உள்ளூராருக்கு உள்ள கூலிக்கு இவர்கள் கூலி குறையலாகாது. பயணப்படியும் இடப்பெயர்வுப்படியும் தர வேண்டும் என்று அது விதித்தது. 2020 இல் நிறைவேறிய தொழிற்சட்டத் தொகுப்பு ஒன்றில் அச்சட்டத்தை அடக்கிவிட்டனர். அது நாற்பதாண்டுக் காலம் ஏட்டில் இருந்தபோது எத்தனை மேடையில் அதைப் பற்றிப் பேசினோம்? சட்டத்தைப் பற்றிப் பேசினால் முதலாளி முகம் சுளிப்பார். படையெடுப்பு என்று பேசினால் அவருக்குக் கொண்டாட்டம். உள்ளூர்த் தொழிலாளியும் வெளியூர்த் தொழிலாளியும் ஒருவரையொருவர் முறைத்துக் கொண்டிருப்பார்கள், அவர் இருவர் கூலியையும் பிடித்துக் கொண்டிருப்பார்!

சரி, கேரளத்தாரைப் போல 'அதிதித் தொழிலாளர்', விருந்தினர் என்று இனிமையாக அழைத்தால் என்ன? வசையைவிட மேல்தான். எனினும் அந்தச் சர்க்கரைக்குள்ளும் ஒரு கசப்பு இருக்கிறது. விருந்தினருக்கு உபசாரம் உண்டு, உரிமை உண்டா? விருந்தினர் கூலி கேட்டு வழக்காடலாமா? சங்கம் அமைக்கலாமா? இரண்டு நாள் இருந்து விட்டுப் போக வேண்டியவரல்லவா விருந்தினர்? பத்தாண்டுகளாக இங்கே உழைத்து, பிள்ளையைத் தமிழ்ப் பள்ளியில் சேர்த்தவரை விருந்தினர் என்பது, வாசற்படியிலேயே நிறுத்தி வைத்து வணக்கம் சொல்வது போன்றது. தொழிலாளர் என்றே அழைப்போம்! அந்தச் சொல்லில் உபசாரம் இல்லை; உரிமை இருக்கிறது.

கள்வன் என்றது போதும்

சொல்தானே, அதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று எண்ணுவோர் மதுரையின் கதையை நினைத்துப் பார்க்கட்டும்.

புகாரிலிருந்து பிழைப்புத் தேடி இரண்டு பேர் வந்தனர். ஊருக்குப் புதியவர், உறவினர் இல்லை, ஆயர் சேரியில் மாதரியிடம் அடைக்கலம். கணவன் கையில் சிலம்போடு கடைத்தெருவுக்குச் சென்றான். அரண்மனைப் பொற்கொல்லன் அவன்மீது ஒரு சொல்லை எறிந்தான்: கள்வன்! சான்று கேட்டாரா? விசாரணை நடந்ததா? அறிமுகமற்ற முகம், விலையுயர்ந்த பொருள், அவ்வளவே சான்று. கோவலன் தலை உருண்டது. சிலப்பதிகாரத்தை மேடைதோறும் முழங்குகிறோம். கண்ணகியின் நீதி முழக்கத்துக்குச் சிலை வைத்தோம். ஆனால் அக்காப்பியத்தின் வழக்கு என்ன? வந்தேறி ஒருவனை ஊர் விசாரணையின்றிக் கொன்ற வழக்கல்லவா அது?

காப்பியக் காலத்தோடு அது முடிந்துவிட்டதா? 2018 மே மாதம், வடநாட்டிலிருந்து குழந்தை கடத்துவோர் 'வந்திறங்கிவிட்டனர்' என்று கைப்பேசி வழியே ஒரு வதந்தி தமிழ்நாடெங்கும் பரவியது. எத்தனை பேர் என்றது, எப்படிப் பிடிப்பார்கள் என்றது, பிள்ளைகளைக் காத்துக் கொள்ளுங்கள் என்றது. திருவண்ணாமலை மாவட்டத்தில், கோயிலுக்குச் செல்லும் வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த 65 வயது மூதாட்டியை ஊர் கூடி அடித்துக் கொன்றது. அவர் வடநாட்டவர் அல்லர். சென்னையிலிருந்து சென்ற தமிழர். வந்தவரை எல்லாம் வெட்டச் சொல்லும் சொல்லுக்கு, வந்தவர் எந்த ஊர் என்று பார்க்கும் கண் கிடையாது.

2023 மார்ச்சில் அதே கத்தி மறுபுறம் திரும்பியது. தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளரைத் தாக்கிக் கொல்கின்றனர் என்று பொய்க் காட்சிகளைப் பரப்பினர். எங்கோ எப்போதோ நடந்ததை இங்கே நடந்ததாகக் காட்டினர். அஞ்சிய தொழிலாளர் பலர் ஊர் திரும்ப, பீகார் அரசு குழு அனுப்பி ஆராய, பொய் வெளுத்தது. நம்மைக் கொடியவர் என்று அங்கே சொன்னபோது நமக்கு எவ்வளவு வலித்தது! ஒரு மாநிலத்து மக்களை எல்லாம் ஒரே சொல்லில் அடக்குவது எவ்வளவு பெரிய அநியாயம் என்று எவ்வளவு உரக்கக் கூவினோம்! அந்த வலி நம் நாவுக்குப் பாடமாக வேண்டாமா?

நாம் சென்ற இடமெல்லாம்

வந்தேறி என்னும் சொல்லை எடுத்து எறிகிறவன் தமிழனாக இருந்தால், அது சுற்றிக்கொண்டு அவன் மார்பிலேயே வந்து விழும்.

மலைநாட்டுக் காடழித்துத் தேயிலை வளர்த்த தமிழரை, 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் இலங்கை அரசு நாடற்றோராக்கியது. 1964 இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தனர்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக் கொள்ளலாம்! தேயிலைப் பெட்டியைப் பங்கிடுவது போல மனிதரைப் பங்கிட்டனர். அங்கே அவர்களுக்குப் பெயர் 'இந்தியாக்காரர்'. மண்டபத்தில் இறங்கி, பிறந்த மண் என்று சொல்லப்பட்ட இந்த நாட்டுக்குள் வந்ததும் நாம் வைத்த பெயர் 'சிலோன்காரர்'. இரண்டு கரையிலும் அவர்கள் வந்தவர்களே!

1942 இல் ஜப்பானியப் படை பர்மாவில் முன்னேறியபோது, இலட்சக்கணக்கானோர் காடும் மலையும் கடந்து கால்நடையாக இந்தியாவுக்கு வந்தனர். அவர்களுள் தமிழர் எத்தனையோ பேர். தாயகம் வந்த தமிழன் தலைநகரில் கால் வைத்ததும் ஏமாற்றப்பட்ட கதையைத்தான் 1952 இல் 'பராசக்தி' திரையில் காட்டியது. 1966 இல் பம்பாயில் பிறந்த சிவசேனை, தென்னாட்டார் வேலைகளைப் பறிக்கின்றனர் என்று கிளம்பி, நாம் உடுத்த லுங்கியையே வசைமொழியாக்கியது. இன்று நாம் வடக்கத்தியானைப் பார்த்துச் சொல்லும் ஒவ்வொரு சொல்லையும் அன்று அங்கே நம்மைப் பார்த்துச் சொன்னார்கள்: கூட்டம் கூட்டமாக வருகிறார்கள், குறைந்த கூலிக்கு வேலை செய்கிறார்கள், நம் மொழி பேசுவதில்லை, நம் ஊரைக் கெடுக்கிறார்கள்!

1983 ஜூலைக் கொடுமைக்குப் பின் படகேறி வந்த ஈழத் தமிழரை அகதி என்றோம். 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டு அரசு, அகதிகள் முகாம் என்பதை மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. சொல்லின் கொடுமையை உணர்ந்து செய்த மாற்றம், வரவேற்போம். எனினும் பலகையில் பெயர் மாறியதோடு கடமை முடியவில்லை. 2019 ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாடுகளைக் குறித்தது, இலங்கையைக் குறிக்கவில்லை. மதங்கள் ஆறினைக் குறித்தது, இசுலாமியரைக் குறிக்கவில்லை. ஆனையூரிலும் உச்சப்பட்டியிலும் முகாமில் பிறந்து, முகாமில் மணந்து, முகாமில் பிள்ளை பெற்ற தலைமுறை நம் கண்முன் இருக்கிறது. சட்டத்தின் சொல்லில் அவர்கள் பெற்றோர் இன்னும் 'சட்டவிரோதமாகக் குடியேறியோர்'. சட்டத்திலுள்ள சொல்லை மாற்றாமல் பலகையிலுள்ள சொல்லை மட்டும் மாற்றுவது பாதி வேலை.

மதுரையையே பாருங்கள். தெலுங்கு பேசுவோர் வந்தனர். நாயக்கர் காலத்தில் சௌராட்டிர நெசவாளர் வந்தனர். ஹார்வி ஆலைச் சங்கு ஊதியதும் சுற்று வட்டாரத்துச் சிற்றூர்களிலிருந்து பஞ்சம் பிழைக்கப் பல்லாயிரவர் வந்தனர். சுங்குடிச் சேலை மதுரையின் அடையாளம் என்று பெருமை பேசுகிறோம்; அதை முடிச்சிட்ட விரல்கள் எங்கிருந்தோ வந்த விரல்கள் அல்லவா? வந்தவரைக் கழித்துவிட்டால் இந்த நகரில் எஞ்சுவது யார்? அவர் எப்போது வந்தார்?

நம் பழந்தமிழிலேயே இரண்டு சொற்கள் உண்டு. 'விருந்து' என்றால் புதுமை. புதியவர் வருகை என்பதால் அவரைப் போற்றும் உணவுக்கும் அப்பெயர் ஆயிற்று. 'வம்பு' என்றாலும் புதுமைதான்; புதிதாக வழியில் வருவோரை வம்பலர் என்றனர் சங்கப் புலவர். முதற்சொல் இன்று இலையில் பரிமாறப்படுகிறது. இரண்டாம் சொல் சண்டை, தொல்லை என்று பொருள் கெட்டுப் போனது. புதியவரை விருந்தாக்கும் மனமும், வம்பாக்கும் மனமும் இந்த மொழிக்குள்ளேயே இருக்கின்றன. பட்டினப்பாலை புகார் நகரில் பல மொழி பேசிய, புலம்பெயர்ந்து வந்த மக்கள் கூடிக் கலந்து இனிது வாழ்ந்ததை நகரத்தின் சிறப்பாகப் பாடுகிறது. பழமை என்பதற்காக அதை ஏற்கச் சொல்லவில்லை. அறிவுக்கும் அன்புக்கும் ஒத்தது என்பதற்காக ஏற்கச் சொல்கிறேன்.

சொல்லை மாற்றியவர்கள் நாம்

சொல்லை மாற்றினால் உலகம் மாறுமா என்று ஏளனம் பேசுவோர் உண்டு. அவர்களுக்கு நம் இயக்க வரலாறே விடை. நமஸ்காரம் போய் வணக்கம் வந்தது; அக்கிராசனர் போய்த் தலைவர் வந்தார்; பிரசங்கம் போய்ச் சொற்பொழிவு வந்தது; ஸ்ரீ போய்த் திரு வந்தது. 1929 இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெயருக்குப் பின்னுள்ள சாதிப் பட்டத்தைத் துறக்கச் சொன்னது. ஒரு சொல்லைத் துறந்ததால் தலைமுறைகளின் முதுகு நிமிர்ந்தது. 'அவன்' என்று அழைக்கப்பட்டவரை 'அவர்' என்று அழைக்க வைத்ததைக் காட்டிலும் பெரிய புரட்சி ஏது? அந்த வேலையின் மிச்சம் இது. அன்று நம்மை இழித்த சொற்களை மாற்றினோம். நம்மிடம் வந்தவரை நாம் இழிக்கும் சொற்களை மாற்றுவது எளிதன்று. ஏனெனில், இம்முறை வசை பாடும் வாய் நம்முடையது.

செய்ய வேண்டியது என்ன? திரளாக யார் வந்தாலும், உவமையை ஒதுக்கி வைத்துவிட்டு மூன்று கேள்வி கேளுங்கள். யார் வந்தார்? எத்தனை பேர் வந்தார்? எதற்காக வந்தார்? 'வடக்கன் படையெடுப்பு' என்று எழுதும் கை, 'கொத்து வேலைக்கு ஒடிசாவிலிருந்து நாற்பது தொழிலாளர் வந்தனர்' என்று எழுதட்டும். எழுதிய அப்பொழுதே அடுத்த கேள்வி தானாக எழும்: அவர்களுக்குக் கூலி என்ன? தங்குமிடம் எங்கே? 'மக்கள் வெள்ளம்' என்று முழங்கும் வாய், 'இருபதாயிரம் பேர் வந்தனர்' என்று சொல்லட்டும். அடுத்த கேள்வி எழும்: இருபதாயிரவருக்கு இடம் இருந்ததா? வழி இருந்ததா?

படிப்பகம் நடத்தும் தோழர்களே! உங்கள் படிப்பகத்துச் சுவரில் ஒரு கரும்பலகை இருக்குமே, அதில் வாரந்தோறும் ஏடுகளில் வந்த இத்தகைய தலைப்பு ஒன்றை எழுதி, அதன்கீழ் இம்மூன்று கேள்விக்கும் விடை எழுதி வையுங்கள். பக்கத்துத் தெருவில் கட்டடம் எழுகிறதா? சென்று, வேலை செய்வோரின் பெயரைக் கேளுங்கள். ஊர் கேளுங்கள், மொழி கேளுங்கள், கூலி கேளுங்கள். உங்கள் ஊர்த் தொழிற்சங்கத்தின் வாயில் அவர்களுக்குத் திறந்திருக்கிறதா என்று பாருங்கள், மூடியிருந்தால் தட்டுங்கள். அவர் பிள்ளைகள் பள்ளிக்கு வந்தால், ஆசிரியர்களாகிய நாங்கள் 'ஆர்' ஈறு போட்டே அழைப்போம்.

'வந்தாரை வாழ வைக்கும் தமிழகம்' என்று பெருமை பேசுகிறோம். வந்தாருக்கு என்ன பெயர் வைத்தோம் என்பதை முதலில் சொல்லிவிட்டு, அதன் பிறகு அந்தப் பெருமையைப் பேசுவோம்!